முகலாய வெள்ளி ரூபாயில் எழுத்து ஏன் ஓரத்தில் அறுபடுகிறது?

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வீட்டுப் பழைய பெட்டியில் கிடைத்த ஒரு வெள்ளி நாணயத்தின் இரு பக்கப் படங்களையும் இட்டிருக்கிறீர்கள். எடை 11.4 கிராம், குறுக்களவு 22 மில்லிமீட்டர் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஔரங்கசீப் காலத்து ரூபாய் என்று ஒருவர் சொன்னார். ஆனால் எழுத்துகள் எல்லா ஓரங்களிலும் வெட்டுப்பட்டிருக்கின்றன, ஊர்ப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சில கீற்றுகள்தான் தெரிகின்றன, ஆகவே இது போலியா, அல்லது கவனமில்லாமல் அடித்த கழிவுக் காசா என்பது நீங்கள் கேட்பது. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. அழகெழுத்தை அவ்வளவு போற்றிய ஓர் அரசவை, அதே எழுத்தைத் தன் நாணயத்தில் பாதியாக வெட்டுப்பட விட்டது ஏன்? இந்த இரண்டாவதற்கு விடை கிடைத்தால் முதலாவது தானாகவே தெளிந்துவிடும்.

முடிவை முதலிலேயே சொல்கிறேன். எழுத்து அறுபட்டிருப்பது போலிக்கும் அடையாளம் அன்று, கவனக்குறைவுக்கும் அடையாளம் அன்று. அந்த வாசகம் முழுமையாக அமைக்கப்பட்ட இடம் எஃகு அச்சு. அந்த அச்சின் முகம் வெள்ளி வில்லையைவிடப் பெரியது. பெரிய மரக்கட்டை அச்சைச் சிறு துணித் துண்டின் மேல் அழுத்தினால் பூவேலையின் ஒரு பகுதிதானே பதியும். அதே கதைதான் இங்கும். அச்சில் முழு வாசகமும் இருந்தது. ஒவ்வொரு வில்லையும் தன் அகலத்துக்குக் கிடைத்ததை வாங்கிக்கொண்டது. நாணயங்களைப் படித்துப் பட்டியலிடும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையிலும், பாரசீக எழுத்தை முறையாகக் கற்றவன் என்ற முறையிலும் இதை உறுதியாகச் சொல்ல முடியும். உலோக ஆய்வு என் துறை அன்று. படத்தை மட்டும் பார்த்து நாணயம் உண்மையானது என்று சான்று தருவதும் இயலாது. இந்த வரம்புகளை மனத்தில் வைத்து மற்றதைப் படியுங்கள்.

வேலை எப்படி நடந்தது என்பதற்கு அக்பர் காலத்து ஆவணம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அபுல் ஃபஸல் தொகுத்த ஆயினே அக்பரி நாணயச்சாலையின் ஒவ்வொரு பணியாளரையும் அவர் செய்யும் வேலையையும் வரிசையாக விளக்குகிறது. மேற்பார்வையாளர், வெள்ளியின் தரம் பார்க்கும் சராப்பு, நிறுப்பவர், உருக்குபவர் ஆகியோருக்குப் பிறகு நமக்கு வேண்டிய மூவர் வருகிறார்கள். ஸர்ராப் என்பவர் (மேலே சொன்ன சராப்பு வேறு, இவர் வேறு) வெள்ளியைச் சரியான அளவில் வில்லைகளாக வெட்டுகிறார். முஹ்ர்கன் என்பவர் எஃகில் அச்சு வெட்டுகிறார். சிக்கச்சி என்பவர் வில்லையை இரண்டு அச்சுகளுக்கும் நடுவே வைக்க, சம்மட்டிக்காரர் ஓங்கி அடிக்க, இரு பக்கமும் ஒரே அடியில் பதிகின்றன. வில்லையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள வளையம் எதுவும் கிடையாது. அடி விழுந்ததும் வெள்ளி தன் விருப்பத்துக்குப் பக்கவாட்டில் விரியும். சில வேளைகளில் விளிம்பில் சிறு வெடிப்பும் விழும். மேலச்சும் கீழச்சும் ஒன்றோடொன்று பிணைக்கப்படாததால், ஒரு பக்கத்தை நேராகப் பிடித்து மறுபக்கம் திருப்பினால் எழுத்து எந்தக் கோணத்திலும் இருக்கலாம். உங்கள் இரண்டாவது படம் சாய்ந்து தெரிவதற்கு அதுவே காரணம். நீங்கள் படத்தைத் தவறாக எடுக்கவில்லை.

முஹ்ர்கனின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நாணயத்தின் வடிவமைப்பாளர் என்று யாரையாவது சுட்ட வேண்டுமானால் அவரைத்தான் சுட்ட வேண்டும். அக்பரின் நாணயச்சாலைக்கு அச்சு வெட்டியவராக தில்லியைச் சேர்ந்த மௌலானா அலி அகமதின் பெயரை அந்நூல் குறிப்பிடுகிறது. தேர்ந்த எழுத்தாளர்கள் தாளில் எழுதிக் காட்டும் மாதிரிகளுக்கு நிகராக அவர் எஃகில் எழுத்துகளை வெட்டினார் என்று புகழ்கிறது. இங்கே ஒன்றை நினைத்துப் பாருங்கள். நாணயத்தில் எழுத்து மேடாக, வலமிருந்து இடமாக வர வேண்டும். ஆகவே அச்சில் அது பள்ளமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் இடமிருந்து வலமாக வெட்டப்பட வேண்டும். நாணல் பேனாவில் கை திரும்பும்போது தடித்து மெலியும் அதே கோட்டை, மை இல்லாமல், திரும்பிய நிலையில், உளியின் சிறு வெட்டுகளால் கொண்டுவர வேண்டும். 1577இல் அக்பர் தம் தலைமை நாணயச்சாலையின் பொறுப்பை ஃபதேபூர் சிக்ரியில் குவாஜா அப்துஸ் ஸமதிடம் ஒப்படைத்தார். அவர் ஓவியர், அழகெழுத்துக் கலைஞரும்கூட. நாணயத்தை அந்த அரசவை ஓர் எழுத்துக்கலைப் பணியாகவும் பார்த்தது என்பதற்கு இந்த நியமனமே போதுமான சான்று என்று நான் கருதுகிறேன்.

கையால் அடித்ததால்தான் எழுத்து முழுமையாக விழவில்லை என்று பலர் விளக்குவார்கள். அது சரியான விளக்கம் அன்று என்பதைக் காட்ட, கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டுகள் பின்னே போக வேண்டும். உமய்யா கலீஃபா அப்துல் மலிக் காலம் வரை, பாரசீகத்தைக் கைப்பற்றிய அரபுகள் சாசானிய அரசரின் தலையும் தீவழிபாட்டு மேடையும் பொறித்த பழைய வெள்ளிக் காசின் மாதிரியையே அடித்துவந்தார்கள். ஓரத்தில் மட்டும் அரபுச் சொல் ஒன்று சேர்க்கப்பட்டது. ஹிஜ்ரி 70களின் இறுதியில், அதாவது 690களின் பிற்பகுதியில், அவர் உருவங்களை அகற்றி முழுக்க எழுத்தாலான பொன் தினாரையும், அடுத்து திர்ஹத்தையும் வெளியிட்டார். அந்த வெள்ளித் திர்ஹம் சுமார் 2.9 கிராம் எடையே உள்ளது. ஆனால் குறுக்களவு 25 மில்லிமீட்டருக்கும் மேல். ஒரு பக்க நடுவில் மூன்று வரிகளில், அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை, அவன் தனித்தவன், அவனுக்கு இணை இல்லை என்ற வாசகம். அதைச் சுற்றி வட்டமாக, இந்தத் திர்ஹம் இன்ன ஊரில் இன்ன ஆண்டில் அடிக்கப்பட்டது என்ற செய்தி. மறுபக்க நடுவில் குர்ஆனின் இக்லாஸ் அத்தியாய வரிகள். சுற்றிலும் முகம்மது நபியின் தூதுத்துவத்தைக் கூறும் குர்ஆன் வசனம். விளிம்பை ஒட்டிச் சிறு வளையங்கள். இத்தனையும் பெரும்பாலான காசுகளில் முழுமையாகப் பதிந்திருக்கும். அதுவும் கையால் அடித்ததே.

அந்தத் திர்ஹத்தின் எழுத்து கூஃபி. கோணமும் நேர்கோடுமாக, புள்ளிகள் அரிதாக உள்ள எழுத்து. அதன் கண்டிப்பான அழகை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஆண்டைப் படிக்கும்போது அது சோதிக்கும். ஏழு என்பதற்கான ‘ஸப்உ’, ஒன்பது என்பதற்கான ‘திஸ்உ’ ஆகிய இரண்டு சொற்களும் புள்ளியை எடுத்துவிட்டால் ஒரே வடிவம்தான். ‘ஸீன்’ எழுத்துக்கு மூன்று பற்கள்; அதன் பின்னால் ஒரு பல் வந்தால் ஏழு, முன்னால் வந்தால் ஒன்பது; எப்படி எண்ணினாலும் நான்கு பற்கள். எழுபதும் தொண்ணூறும் இதே சிக்கலில் மாட்டிக்கொள்கின்றன. ஊர்ப்பெயரையும் விளிம்பு வளையங்களின் எண்ணிக்கையையும் வைத்தே பல இடங்களில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. எழுத்து முழுமையாகப் பதிந்திருப்பதால் மட்டும் ஒரு நாணயம் எளிதாகப் படிக்கக்கூடியதாகிவிடாது என்பதற்காக இதைச் சொன்னேன்.

ஆக, கைவேலையிலும் முழு வாசகத்தைப் பதிக்க முடியும். அதற்கு வில்லை மெல்லியதாகவும் அகலமாகவும் இருந்தால் போதும். இந்திய ரூபாய் அப்படி அமையவில்லை. ஷேர் ஷா சூர் (1540–1545) நிலைப்படுத்திய வெள்ளி ரூபாய் சுமார் 11.5 கிராம் எடையுள்ளது. முகலாயர் அதையே தொடர்ந்தார்கள். திர்ஹத்தைப்போல நான்கு மடங்கு வெள்ளி, அதைவிடக் குறுகிய வட்டத்துக்குள். விளைவாகத் தடித்த, கைக்கு உறுதியான காசு கிடைத்தது. அகலத்தை விட்டுக்கொடுத்துத் தடிமனைத் தேர்ந்ததுதான் எழுத்து அறுபடுவதற்கான முதல் காரணம்.

இந்தத் தேர்வு வடிவமைப்பை எப்படி மாற்றியது என்பதை அக்பரின் தொடக்க காலத்து ரூபாயிலும் ஷாஜகானின் ரூபாயிலும் நன்றாகப் பார்க்கலாம். அவற்றில் ஒரு பக்கத்தில் இஸ்லாமிய நம்பிக்கை வாசகமான கலிமாவை நடுவில், பல நேரம் ஒரு சதுரத்துக்குள் வைத்தார்கள். சதுரத்துக்கு வெளியே நான்கு ஓரங்களிலும் முதல் நான்கு கலீஃபாக்களின் பெயர்கள். அபூபக்ரின் வாய்மை, உமரின் நீதி, உஸ்மானின் நாணம், அலியின் அறிவு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பண்பு சேர்த்து எழுதுவதும் உண்டு. தாளில் இது மிகச் சிறந்த அமைப்பு. ஆனால் குறுகிய வில்லையில் அடித்தால் ஓரத்தில் உள்ள நான்கில் இரண்டோ ஒன்றோதான் தப்பும். நடுச்சதுரம் மட்டும் எப்போதும் நிலைக்கும். எது விழுந்தாலும் கலிமா விழக்கூடாது என்ற முன்னுரிமையை அந்தச் சட்டகமே காத்தது. என் பார்வையில் இது வெட்டுப்படுவதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்ட அமைப்பு.

ஔரங்கசீப் ஆட்சிக்கு வந்ததும் நாணயத்தில் கலிமா பொறிப்பதை நிறுத்தினார். கைமாறும் காசு காலடியிலும் படும், திருவாசகத்துக்கு அது இழுக்கு என்ற காரணத்தையே அவர் காலத்து வரலாற்றுக் குறிப்பு தருகிறது. காலியான அந்தப் பக்கத்துக்கு அரசர் பெயர் தாங்கிய பாரசீக ஈரடி வந்தது. நாணயத்தில் கவிதை பொறிக்கும் வழக்கம் ஜஹாங்கீர் காலத்திலேயே செழித்திருந்தது. நூர் ஜஹானின் பெயரால் பொன்னுக்கு நூறு அணிகள் கிடைத்தன என்று பாடும் ஈரடி அவர் காசுகளில் புகழ்பெற்றது. ஔரங்கசீப்பின் ஈரடி சொல்வது இது: ஒளிவீசும் முழுநிலவைப்போல உலகில் நாணயம் பொறித்தார் அரசர் ஔரங்கசீப் ஆலம்கீர். முழுநிலவு என்பது வெள்ளிக்கு. அதே ஈரடி பொன் மொஹரில் வரும்போது, வழக்கமாக முழுநிலவைக் குறிக்கும் ‘பத்ர்’ என்ற சொல் மட்டும் மாறி, சூரியனைக் குறிக்கும் ‘மிஹ்ர்’ வந்துவிடும். இரண்டுக்கும் அசை அளவு ஒன்றே, யாப்பு குலையாது. ஒரே ஒரு சொல்லை மாற்றி உலோகத்தின் நிறத்தைக் கவிதைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். நாணய வாசகங்களில் எனக்கு இதைவிடப் பிடித்தது வேறில்லை.

உங்கள் முதல் படத்தில் அந்த ‘பத்ர்’ என்ற சொல் தெளிவாகவே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ‘ஆலம்கீர்’ என்பதன் பின்பாதியும் தெரிகிறது. இவ்விரண்டும் போதும், இது ஔரங்கசீப்பின் வெள்ளி ரூபாய் வாசகம் என்பதில் ஐயமே இல்லை. எழுத்து நஸ்தலீக் நடை. கூஃபியைப்போல ஒரே அடிக்கோட்டில் நிற்காமல், ஒவ்வொரு சொல்லும் வலமேலிருந்து இடக்கீழாகச் சரிந்து இறங்கும்; ஆகவே சொற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியும். அடுக்கும்போது அச்சு வெட்டுபவர் இலக்கண வரிசையைப் பார்ப்பதில்லை, இடத்தைப் பார்க்கிறார். எனவே ஈரடியை ஏற்கெனவே அறிந்தவர்தான் சொற்களைக் கோத்துப் படிக்க முடியும். சொற்களுக்கு இடையே தெரியும் சிறு பூக்களும் புள்ளிக் கூட்டங்களும் வெற்றிடத்தை நிரப்ப வைத்தவை. எழுத்தின் புள்ளி எது, அழகுப் புள்ளி எது என்று பிரிக்கத் தெரியாமல் புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவது இயல்பு.

அந்தப் பக்கத்தில் மூன்று நேர்கோடுகள் வரிசையாக நிற்கின்றன அல்லவா? அவை மூன்று ஒன்றுகள். ஹிஜ்ரி ஆண்டின் முதல் மூன்று இலக்கங்கள். நான்காவது ஓரத்தில் போய்விட்டது. இரண்டாவது பக்கத்தில் ஆட்சியாண்டு 43 என்று படிக்கிறேன். ஔரங்கசீப்பின் ஆட்சியாண்டுகள் ரமலான் மாதத் தொடக்கத்திலிருந்து எண்ணப்பட்டன. முதல் ஆண்டு ஹிஜ்ரி 1068இல் தொடங்குகிறது. அப்படியானால் 43ஆம் ஆண்டு 1110 ரமலானில் தொடங்கி 1111இல் முடிகிறது. ஆக, இழந்த இலக்கம் சுழியமாகவோ ஒன்றாகவோதான் இருக்க முடியும். பாரசீக இலக்கத்தில் 2க்கும் 3க்கும் தலையில் உள்ள ஒரு வளைவே வேறுபாடு. உங்கள் நாணயத்தில் அந்த இடம் சற்றுத் தேய்ந்திருப்பதால் 42 என்றும் ஒருவர் வாதிடலாம். அப்போதும் ஹிஜ்ரி 1110 பொருந்திவிடும். எப்படிப் பார்த்தாலும் இது 1698இன் நடுப்பகுதிக்கும் 1700இன் தொடக்கத்துக்கும் இடையே அடிக்கப்பட்ட காசின் வாசகம். இரண்டு பக்கத்து ஆண்டுகளும் ஒத்துப்போவது நல்ல அறிகுறி. ஆனாலும் அது மெய்த்தன்மைக்கு முழுச் சான்று ஆகாது. உண்மையான காசுகளிலும் பழைய அச்சைப் புதியதோடு சேர்த்து அடித்ததால் ஆண்டு முரண்படுவது உண்டு.

இனி உங்களைக் குழப்பிய இரண்டாவது பக்கம். அதில் இருப்பது ஒரு நிலையான வாய்பாடு: இன்ன ஊரில் அடிக்கப்பட்டது, நன்மை தங்கிய ஆட்சியின் இன்ன ஆண்டு. இதைப் பல நாணயச்சாலைகள் கீழிருந்து மேலாக அடுக்கின. அடியில் ‘ஸர்ப்’ (அடிக்கப்பட்டது) என்ற சொல்லும் ஊர்ப்பெயரும், அதற்கு மேல் ஆண்டும் ‘ஜுலூஸ்’ (ஆட்சியேற்பு) என்ற சொல்லும், அதற்கும் மேல் ‘மைமனத்’ (நன்மை), உச்சியில் ‘மானூஸ்’ (தங்கிய). உங்கள் படத்தில் நாணயத்தின் குறுக்கே ஒரு நீண்ட பட்டை ஓடுகிறதே, அது கோடு அன்று. ‘ஜுலூஸ்’ என்பதன் கடைசி ‘ஸீன்’. நஸ்தலீக்கில் ‘ஸீன்’ எழுத்தைப் பல்லில்லாமல் இழுத்து எழுத இடமுண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தி, ஓர் எழுத்தையே நாணயத்தை இரண்டாகப் பகுக்கும் வரம்பாக்கிவிட்டார் அச்சு வெட்டியவர். சட்டகமும் சதுரமும் போன பிறகு நாணயத்துக்குக் கட்டமைப்பைத் தருவது இப்படி இழுத்த எழுத்துகள்தாம். வில்லை எந்தப் பக்கம் நகர்ந்து அடிபட்டாலும் இந்தப் பட்டை விழத் தவறாது.

ஊர்ப்பெயர் அடிவரியில் இருப்பதால் அதுதான் முதலில் பலியாகிறது. உங்கள் நாணயத்தில் அவ்வரியின் மேல்நுனிகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அவற்றைக் கொண்டு எதுவரை சொல்லலாம் என்று பார்ப்போம். தில்லியின் நாணயப் பெயரான ஷாஜஹானாபாதில் ‘அலிஃப்’ என்ற நெட்டெழுத்து நான்கு முறை வரும். ஆக்ராவின் அக்பராபாதிலும் நெட்டுக்கோடுகள் பல. லாகூரில் ‘லாம்’ எழுத்தும் ‘அலிஃபும்’ சேர்ந்து நிற்கும். ‘சூரத்’ என்று எழுதினால் நெட்டெழுத்து ஒன்றுகூட இல்லை. இழுத்த ‘ஸீனும்’ இறுதியில் ‘தே’ எழுத்தின் மேல் இரண்டு புள்ளிகளும்தான். உங்கள் அடிவரியில் மேலெழும்பும் நெட்டுக்கோடு எதுவும் ஊர்ப்பெயர் இடத்தில் இல்லை. இடக்கோடியில் இரண்டு புள்ளிகள் மட்டும் தெரிகின்றன. சூரத் அக்காலத்தில் மிக அதிகமாக வெள்ளி அடித்த நாணயச்சாலைகளுள் ஒன்று. எனவே சூரத் என்று கருத இடமிருக்கிறது. ஆனால் இதை நான் ‘பெரும்பாலும்’ என்ற அளவில்தான் சொல்வேன். நெட்டெழுத்து குறைந்த வேறு ஊர்ப்பெயர்களும் உண்டு, புள்ளிகள் அழகுக்காக வைத்தவையாகவும் இருக்கலாம். நாணயத்தை இன்னும் சாய்ந்த ஒளியில் எடுத்த படம் இருந்தால் உறுதி கூடும்.

அச்சு ஏன் பெரிதாக இருந்தது என்பதற்கு இப்போது வருகிறேன். அச்சு பெரிது, வில்லை சிறிது என்பது உறுதி. ஒரே அச்சிலிருந்து வந்த பல காசுகளை அருகருகே வைத்தால், ஒன்றில் விடுபட்டது இன்னொன்றில் கிடைத்து, முழு வாசகமும் புள்ளி வட்ட ஓரமும் மீண்டும் உருப்பெறுவதைப் பார்க்கலாம். அரசருக்குக் காணிக்கையாக வைப்பதற்கென்று அகன்ற வில்லையில் அடித்த நஸ்ரானா ரூபாய்களும் இதற்குச் சாட்சி. அவற்றில் ஓரப் பூவேலை உட்பட எல்லாம் முழுமையாக நிற்கும். வேண்டும்போது அவர்களால் முழுமையாக அடிக்க முடிந்திருக்கிறது. ஆனால் அன்றாடக் காசுக்கு ஏன் அப்படிச் செய்யவில்லை என்பதில் கருத்துகள்தாம் உள்ளன. பெரிய அச்சு இருந்தால் வில்லையை நடுவில் வைக்கச் சிரமப்பட வேண்டியதில்லை, வேலை விரைவாகும் என்பது ஒன்று. முகம் முழுதும் எழுத்து நிறைந்திருந்தால் ஓரத்தைச் சீவி வெள்ளி திருடுவது தெரிந்துவிடும் என்பது இன்னொன்று. முதலாவது எனக்கு ஏற்புடையது. சூரத்துக்கு ஐரோப்பிய வணிகர் வழியாகவும் செங்கடல் வழியாகவும் வந்து குவிந்த அயல்நாட்டு வெள்ளி, உள்நாட்டில் செல்ல ரூபாயாக மாற வேண்டியிருந்தது. யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுவந்து கட்டணம் செலுத்தி அடித்துக்கொள்ளலாம் என்ற முறையும் இருந்தது. அத்தகைய நாணயச்சாலைக்கு விரைவுதான் முதல் தேவை. இரண்டாவது விளக்கத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு, ஏனெனில் ஓரத்தில் எப்போதும் எழுத்து அறுபட்டே இருக்கும் காசில், சீவியதால் அறுபட்டது எது என்று எழுத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

அதைக் கண்டுபிடித்தது தராசு. எழுத்து முழுமையாக இல்லாததை அக்கால மக்கள் பொருட்படுத்தாததற்குக் காரணமும் அதுவே. ரூபாயின் மதிப்பு எடையிலும் வெள்ளியின் தூய்மையிலும் இருந்தது. கைக்கு வந்த காசைச் சராப்பு நிறுத்துப் பார்த்தார், ஐயம் வந்தால் உளியால் ஒரு சிறு வெட்டுப் போட்டு உள்ளே பார்த்தார். உங்கள் நாணயத்தின் ஓரத்தில் உள்ள இரண்டு குழிகள் அப்படிப்பட்ட சராப்புக் குறிகளாகவே தோன்றுகின்றன. வாசகத்தில் அவர் தேடியது பெரும்பாலும் ஆண்டைத்தான். புதிதாக அடித்த ரூபாய் முழு மதிப்பில் செல்லும். ஆண்டுகள் கடந்த ரூபாய்க்கு வட்டம், அதாவது மதிப்பில் ஒரு கழிவு, பிடித்துக்கொள்வார்கள். அதனால் ஆட்சியாண்டை அச்சு வெட்டுபவர் ஓரத்துக்குத் தள்ளாமல் பட்டையை ஒட்டியே வைத்ததில் வணிகத் தேவையும் கலந்திருக்கிறது.

நம் பக்கத்தில் இத்தகைய காசு எப்படி வந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். தென்னாட்டில் வராகனும் பணமும் பொன்னில், காசு செம்பில் என்று வழங்கிய காலத்தில் வெள்ளி ரூபாய் இங்கே பெரிதாகப் புழங்கவில்லை. அப்போது கர்நாடகம் என்று அழைக்கப்பட்ட ஆற்காட்டுப் பகுதிக்கு முகலாய ஆட்சி வந்த பிறகு ஆற்காட்டு ரூபாய் தோன்றியது. நவாபின் அனுமதி பெற்று 1736 முதல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும், பிறகு சென்னையில் ஆங்கிலேயர்களும் ஆற்காடு என்ற ஊர்ப்பெயரிலேயே ரூபாய் அடித்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பிறை அடையாளத்தையும் சென்னை தாமரை அடையாளத்தையும் சேர்த்தன. ஊர்ப்பெயர் ஒன்றே ஆனதால், எந்த நகரம் அடித்தது என்று சொல்ல இன்று அந்தச் சிறு குறிகளே துணை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் இயந்திரம் வந்தபோது அதே பாரசீக வாசகம் வரிப்பள்ளம் இட்ட விளிம்புக்குள் முழுமையாகப் பதிந்தது. ஆனால் எப்போதோ மறைந்த முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும், ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்ற தேதியும் 1830கள் வரை அப்படியே உறைந்து நின்றன. அந்தக் காசுகளில் ஓர் எழுத்தும் வெட்டுப்படவில்லை. இருந்தும் கோடுகளில் நாணல் பேனாவின் தடிப்பும் மெலிவும் இல்லை. எல்லாம் ஒரே கனத்தில் விறைத்து நிற்கின்றன. உங்கள் வீட்டில் ஆற்காட்டு ரூபாய் ஒன்றும் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் சொல்வது உடனே விளங்கும்.

கடைசியாகப் போலி பற்றி. 22 மில்லிமீட்டர் அகலத்தில் எல்லா எழுத்தும் ஒழுங்காக, வட்டமாக, நடுவில் அமைந்த முகலாய ரூபாய் ஒன்று மலிவாகக் கிடைத்தால் அதைத்தான் நான் முதலில் ஐயுறுவேன். கலிமாவும் நான்கு கலீஃபாக்களின் பெயர்களும் முழுமையாகப் பொறித்த, வணக்கத்துக்குரிய பொருளாக விற்கப்படும் வில்லைகள் நாடெங்கும் கிடைக்கின்றன. அவற்றை அக்பர், ஷாஜகான் காசு என்று நம்பி வாங்கியவர்கள் பலர். வார்ப்பில் செய்த போலியில் எழுத்தின் பக்கச்சுவர் மழுங்கியிருக்கும், முகத்தில் ஊசி குத்தியதுபோல் நுண்துளைகள் இருக்கும், விளிம்பைச் சுற்றி அச்சு மூட்டின் கீற்று அல்லது அதை அராவிய தடம் தெரியும். இவற்றைவிட வலுவான சோதனை ஒன்று உண்டு. கையால் அடித்த இரண்டு காசுகள் ஒரே அச்சில் பிறந்திருந்தாலும் வில்லையின் வடிவமும், எழுத்து அறுபட்ட இடமும், இரு பக்கங்களின் கோணமும் ஒன்றாக இருக்கவே முடியாது. உங்கள் நாணயத்தைப்போலவே ஒவ்வொரு வெட்டும் வெடிப்பும் ஒத்த இன்னொன்றை எங்காவது பார்த்தால், இரண்டில் ஒன்றாவது வார்ப்பு என்று தயங்காமல் முடிவு செய்யலாம்.

உங்கள் படங்களில் எழுத்தின் சுவர் கூர்மையாக இருக்கிறது, எடை பொருந்துகிறது, ஆண்டுகள் பொருந்துகின்றன. எனக்குத் தெரிந்தவரை ஐயப்பட எதுவும் இல்லை. ஆனால் விளிம்பின் படம் இல்லாமல் இதற்கு மேல் போக மாட்டேன். நாணயத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நிறுத்திப் பிடித்து, சுற்றிலும் நான்கு இடங்களில் விளிம்பைப் படமெடுத்து அனுப்புங்கள். நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு எடை குறைவதைக் கணக்கிட முடிந்தால் ஒப்படர்த்தி தெரியும். தூய வெள்ளிக்கு அது 10.49, நல்ல முகலாய ரூபாய் அதற்குச் சற்றுக் கீழே நிற்கும். அதுவரை புளி, எலுமிச்சை, பற்பொடி எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள்; பள்ளங்களில் படிந்திருக்கும் கருமைதான் இப்போது எழுத்தைப் படிக்க உதவுகிறது, ஊர்ப்பெயரின் அந்த இரண்டு புள்ளிகளும் அதனால்தான் தெரிகின்றன.